குறையில்லாத ஓட்டுநர்

உள்ளே நான்கு மின்விசிறி ஓடுகிறது, நீதிபதி தலைக்கு மேல் ஒன்று, வக்கீல்கள் தலைக்கு மேல் இரண்டு, ஆளே இல்லாத காலி நாற்காலிகளுக்கு மேல் ஒன்று, வெளியே இந்த வராந்தாவில் காத்துக் கிடக்கிற வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒன்றுமில்லை, வியர்த்துச் சாகட்டும் என்று விட்டுவிட்டார்கள், இதைப் பற்றி ஒரு துண்டறிக்கை போடலாம், தலைப்புகூட வந்துவிட்டது, ஆனால் அச்சடிக்க யார் இருக்கிறார்கள், அடித்தாலும் வாங்கிப் படிக்க யார் இருக்கிறார்கள், இப்போதெல்லாம் துண்டறிக்கையை நீட்டினால் நகைக்கடை விளம்பரம் என்று நினைத்து வாங்கி, இல்லை என்று தெரிந்ததும் அடுத்த குப்பைத்தொட்டியில் போடுகிறார்கள். எங்கள் வழக்கை இன்னும் கூப்பிடவில்லை. போன முறை நீதிபதி விடுப்பு. அதற்கு முந்தைய முறை அந்தப் பெட்டிக்குச் சான்றிதழ் வரவில்லை. அதற்கும் முந்தைய முறை பெட்டியே வரவில்லை. பெட்டி என்றால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, காரின் முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிவைத்திருப்பார்கள், எதிரே இருப்பதைப் படம் பிடிக்கும், வேகத்தைக் குறித்துவைக்கும், எங்கே நின்றாய், எப்படி பிரேக் பிடித்தாய், எல்லாவற்றையும் முதலாளிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குருவம்மாளை இடித்த காரில் அது இருந்தது. என் மனைவிக்கு இன்று எதிராகப் பேசப்போகிற முக்கிய சாட்சி அதுதான், அதற்குப் பசிக்காது, கூலி வேண்டாம், வாய்தாவுக்கு அலுத்துக்கொள்ளாது. அவள் பக்கம் சாட்சி சொல்ல மனுஷராகப் பிறந்த ஒருவரும் வரவில்லை, நான்தான், புருஷன், புருஷன் சொல்வதை எந்தக் கோர்ட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது என்று மார்கரெட் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

மார்கரெட் எங்கள் வக்கீல், தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளர் சங்கத்தில் என்னோடு இருந்த ஆரோக்கியத்தின் மகள், என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள், பெரியப்பா என்று சொல்லிக்கொண்டே பெரியப்பாவை ஒரு பொய் சொல்லச் சொல்கிறாள். பொய் என்று அவள் சொல்லவில்லை. வாதம் என்கிறாள். "பெட்டியில உள்ள பதிவு அசல்தான்னு சான்றிதழ் இல்லன்னா படத்தைப் போடவே விடமாட்டேன், பெரியப்பா. கொண்டுவந்துட்டாங்கன்னா வேற வழியில்ல. நீங்க கூண்டுல ஏறி, பெரியம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, சாயங்காலமானா சரியாத் தெரியாதுன்னு சொல்லிடணும். கண்ணு தெரியாத வயசான அம்மா, கார்க்காரன்தான் பார்த்துப் போயிருக்கணும்னு நான் முடிச்சிடுவேன். தெரிஞ்சே ரோட்டுல இறங்கினாங்கன்னு வந்துச்சோ, தப்பு அவங்க தலையிலதான் விழும்." புரையாம். குருவம்மாளுக்கா. பட்டுப்போன பல்பின் உள்ளே கம்பி அறுந்திருப்பதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொல்லுகிறவள், கூட்டத்தில் எந்த மூலையில் போலீஸ்காரன் லுங்கியில் நிற்கிறான் என்று மேடையிலிருந்தே கண்டுபிடித்து எனக்குச் சைகை காட்டியவள், அவளுக்குக் கண் தெரியாது என்று நான் சொல்ல வேண்டும், சத்தியம் செய்துவிட்டு. காலையில் இதை அவளிடமே கேட்டேன். இடுப்புக்கு வைத்த முதல் ஆபரேஷன் கெட்டுப்போய்ச் சீழ் பிடித்து, மறுபடி பிரித்து வேறு மூட்டு வைத்தால்தான் நடப்பாள் என்று டாக்டர் சொல்லி எத்தனையோ மாதமாகிவிட்டது, இந்தத் தீர்ப்பில் நஷ்டஈடு வந்தால்தான் அது, வராவிட்டால் அந்தக் கட்டில்தான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "குருடின்னு சொல்லுங்க. செவிடின்னும் சேத்துக்கங்க. எனக்குக் கக்கூசுக்கு நானா நடந்து போகணும், அவ்வளவுதான். உங்க மானத்தை வச்சு நான் என்ன பண்ணப்போறேன், தோழரே?" தோழரே என்று அவள் கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம்.

என் மானம் இல்லை அது. அதைத்தான் இவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. அவள் தெரியாமல் ரோட்டில் இறங்கவில்லை, தடுமாறவில்லை, குறுக்கே ஓடவில்லை. அவள் கை காட்டினாள். புறவழிச்சாலையிலிருந்து மில்லுக்குப் பாதை பிரிகிற மில் விலக்கில் ஒரு சிக்னல் வேண்டும் என்று நாங்கள் கொடுத்த மனுக்களை அடுக்கினால் என் முழங்காலுக்கு வரும், ஆட்சியர்கள் மாறினார்கள், மனு மாறவில்லை, சாயங்கால ஷிப்டு முடிந்து பெண்கள் சாப்பாட்டுப் பையோடு அந்தப் பக்கம் பஸ் ஏறக் கடந்தாக வேண்டும், நான்கு வழிச்சாலை, எவன் நிற்பான். கடைசியில் குருவம்மாள் சொன்னாள், மனு எழுதிக்கிட்டே இருங்க, நான் போய் நிக்கிறேன். போய் நின்றாள். தினமும். ஓரத்தில் நின்று பெண்கள் சேர்ந்ததும் கையைத் தூக்கி ரோட்டுக்குள் இறங்குவாள், லாரி நிற்கும், பஸ் நிற்கும், அரசு பஸ் டிரைவர்கள் சிலர் சிரித்துக்கொண்டே ஹாரன் அடிப்பார்கள், தெரிந்த முகம், எத்தனை மறியலில் அவர்கள் வண்டிக்கு முன்னால் இதே கையோடு நின்றிருக்கிறாள். வாழ்நாள் முழுக்க அவள் கை தூக்கி நிற்காத வண்டி கிடையாது. போலீஸ் வேன்கூட நின்றிருக்கிறது, நின்று அவளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, அது வேறு. கை தூக்கினால் வண்டி நிற்கும் என்பது எங்களுக்குத் தண்ணீர் கீழே ஓடும் என்பதுபோல, அதைச் சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அன்றைக்குப் பின்னால் இருந்த பெண்கள் எத்தனை பேர், ஒரு பஸ் நிறைய, ஒருத்திகூட வரவில்லை சாட்சிக்கு. வீடு வீடாகப் போனேன். ஒருத்தி கதவைத் திறந்து பார்த்து, மாமா, அவரு வீட்டுல இல்லை என்றாள், உன்னைத்தானம்மா பார்க்க வந்தேன் என்றேன், நானும் இல்லை மாமா என்றாள். சிரிப்பு வந்தது. படியிறங்கும்போது வரவில்லை.

"என்ன தோழரே, இன்னைக்கு மறியல் ஒண்ணும் இல்லையா, கோர்ட்டுக்கு வந்துட்டீங்க?" தாமோதரன், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், கையில் மடிக்கணினியோடு போகிறவர் நின்று கேட்டுவிட்டுப் போகிறார், நல்ல மனுஷர் மாதிரிச் சிரிக்கிறார், ஒருவேளை நல்ல மனுஷர்தானோ என்னவோ, கேலி செய்கிறவன் எல்லாம் கெட்டவன் என்று எழுதியே எனக்குப் பழகிவிட்டது. "இதுவும் மறியல்தான், இந்தத் தடவை வழிய மறிச்சு நிக்கிறது உங்க கம்பெனி" என்று பதில் சொல்லியிருக்கலாம், இப்போதுதான் தோன்றுகிறது, அவர் உள்ளே போன பிறகு. முன்பெல்லாம் பதில் கேள்விக்கு முன்னால் வரும். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன், டாக்சி கம்பெனி மேனேஜர், போனைத் தடவிக்கொண்டே போனான். அவனுக்குப் பின்னால் டிரைவர். காசிமாயன். பெயர் சம்மனில் பார்த்தது, ஆளை ஒவ்வொரு வாய்தாவிலும் பார்த்தது, நாற்பதை ஒட்டிய வயது, உசிலம்பட்டிப் பக்கம். மற்ற இருவரும் உள்ளே போய்விட்டார்கள், அவன் போகவில்லை, பெஞ்சின் கோடியில், என்னிடமிருந்து ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தான். அவனை வெறுக்க நான் முயன்று பார்த்திருக்கிறேன். முடியாது என்றில்லை, வருகிறது, வந்து பாதியில் நின்றுவிடுகிறது, அவன் முழங்கை கிழிந்து தைத்த காக்கி, குதியில் தேய்ந்த செருப்பு, இவன் யார், இவனுக்காகத்தானே நான் இத்தனை வருஷம் கத்தினேன்.

"ஐயா, அம்மா எப்படி இருக்காக?" என்று கேட்டான். படுத்திருக்கிறாள் என்றேன். தலையாட்டினான். கொஞ்சம் கழித்து, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே?" என்றான். சொல்லுங்க என்றேன். "அவுக கை காட்டுனது எனக்குத் தெரிஞ்சுச்சுய்யா. தெரியாம இல்ல. சவாரிக்கு நிக்கிறாகன்னு நெனச்சேன். ரோட்ல கை காட்டுற ஆள நாங்க ஏத்தக் கூடாது, போன்ல வந்த சவாரிதான். சும்மா ஓரங்கட்டி நின்டாலே போன் வந்துரும், ஏன் நின்டே, யார ஏத்துனே. அதனால ஒதுங்கிப் போயிரலாம்னு பார்த்தேன். அவுக ரோட்டுக்குள்ள வந்துக்கிட்டே இருக்காக. அவுக நின்னுருவாகன்னு நானு, வண்டி நின்னுரும்னு அவுக." பிரேக் போடலையா என்று கேட்டேன், என் குரல் எனக்கே தொழிற்சங்கக் குரலாக இல்லை. "போட்டேன்யா. போடாம இருப்பனா? ஆனா மெதுவாப் போட்டேன். டக்குனு அழுத்தி மிதிச்சா பெட்டியில விழுந்துரும். மாசத்துல நாலஞ்சு விழுந்தா வண்டியப் புடுங்கிருவாங்க. விழவே விழாத டிரைவருக்குத் தனியாப் பேரு, போன வருசம் எனக்கு ஒரு குக்கர் குடுத்தாங்க, மேனேஜரு கையால. கால் அப்படிப் பழகிப்போச்சுய்யா. கடேசி நேரத்துலகூட மெத்துன்னுதான் மிதிக்குது, என்னோட கால்தான், நான் சொன்னாக் கேக்கல." அவன் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். "உங்ககிட்ட சொல்லாம மனசு கேக்கல. உள்ள சொல்ல மாட்டேன்யா. பொம்பளப் பிள்ளைக ரெண்டு, வீட்டுல வேற சம்பாத்தியம் கிடையாது." எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டான்.

காலைப் பழக்கிவிட்டார்கள். முதலாளி நேரத்தைத் திருடுகிறான் என்று எழுதினேன், உழைப்பைத் திருடுகிறான் என்று எழுதினேன், எத்தனை ரீம் காகிதம், ஒரு மனுஷனின் பாதம் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை எடுத்துக்கொண்டு போவான் என்று எங்கேயும் எழுதவில்லை, எனக்குத் தெரியவில்லை, தெரியாமலே மேடையேறி எல்லாம் தெரிந்ததுபோல் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். என் இடுப்புக்குக் கீழே வலிக்கிறது, உட்கார்ந்தே இருப்பதால், குருவம்மாளுக்கு இந்த இடத்தில்தான் உடைந்தது. அந்தக் காலமாக இருந்தால் அவன் தோளில் கையைப் போட்டு, சொல்லுங்க தோழர், பின்னால் சங்கம் இருக்கிறது என்றிருப்பேன், அவன் சொல்லியிருப்பான், எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் அப்படி. இப்போது பின்னால் என்ன இருக்கிறது. சங்க அலுவலகம் இருந்த மாடியில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். கொடிக் கம்பத்தில் அவர்கள் கடை விளக்குக்கு ஒயர் கட்டியிருக்கிறார்கள், பலமான கம்பம், நாங்கள் நட்டது. கூப்பிட்டுவிட்டார்கள். குருவம்மாள் என்று ஊழியர் இரண்டு தரம் கூப்பிட்டார், அவள் பெயரை இந்த வராந்தாவில் இப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவள் எங்கிருந்தோ எழுந்து வந்துவிடுவாள்போல் இருக்கும், நான்தான் எழுந்தேன்.

சான்றிதழ் வந்துவிட்டது. மார்கரெட் எழுந்து ஏதோ ஆட்சேபித்தாள், நீதிபதி கேட்டுக்கொண்டு தாளைத் திருப்பிப் பார்த்து, போடுங்க என்றார், அவ்வளவுதான், எத்தனை மாதத்து எங்கள் அரண் தாள் திருப்புகிற நேரத்தில் போய்விட்டது. காசிமாயனைக் கூண்டில் ஏற்றினார்கள். அந்தக் கார்தான், அவன் ஓட்டியது, அந்தப் பெட்டியில் பதிவானது இது, ஆமாம், ஆமாம், ஆமாம். சுவரில் இருந்த திரையை ஊழியர் தட்டினார், தட்டியதும் ரோடு வந்தது. நான் பார்க்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். தரையைப் பார்த்தேன், தரையில் யாரோ பாக்குச் சாறு துப்பிக் கழுவிய கறை, காதில் ஒரு பழைய பாட்டு வந்தது, காருக்குள் பாடிக்கொண்டிருந்த பாட்டு, கூடவே ஒருவன் முனகுகிறான், காசிமாயன்தான், சுதியோடு முனகுகிறான், இவ்வளவு நல்ல குரலா இவனுக்கு, நிமிர்ந்துவிட்டேன். சாயங்கால வெயில். மில் விலக்கு. ஓரத்தில் அவள், அந்தக் கத்தரிப்பூக் கலர் சேலை, அதை ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். கை மேலே போகிறது. பின்னால் பெண்கள் இல்லை, பெட்டியின் கண் அவ்வளவு அகலம் திறக்காது, ஓரத்தில் ஒரு சாப்பாட்டுப் பையின் காது மட்டும் தெரிந்து மறைகிறது, அது என்ன என்று இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும், மற்ற எல்லோருக்கும் ஒரு வயதான பெண் தனியாக ரோட்டில் இறங்குகிறாள். இறங்குகிறாள். கை அசையவில்லை. கார் வேகம் குறைகிறது, மெதுவாக, சீமந்தப் பெண்ணை ஏற்றி வருகிற வண்டிபோல அவ்வளவு பதமாக, குலுங்காமல், பாட்டுக்கூடத் தடைபடாமல், குறைந்துகொண்டே அவளிடம் போகிறது, நிற்கப்போகிறது, நின்றுவிடும், இதோ, மிதி, மிதிடா, நான் வாய்விட்டுச் சொன்னேனா தெரியவில்லை, மார்கரெட் என் முழங்கையைப் பிடித்தாள். கடைசிவரை அந்த முகத்தில் பயம் வரவில்லை. அவள் நேராகக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்குப் புரை. அதன் பிறகு பெட்டி சாய்ந்து வானம் தெரிந்தது, ஐயோ என்று அவன் குரல், பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

தாமோதரன் குரலை உயர்த்தவில்லை. "பார்த்தீங்க. மிதமான வேகம். படிப்படியா குறைச்சிருக்கார். அந்த வண்டியோட பதிவுல அன்னைக்கு மட்டும் இல்ல, அந்த மாசம் முழுக்க ஒரு முரட்டு பிரேக் கூட கிடையாது. இதைவிட நிதானமான டிரைவர் எங்கே கிடைப்பார்?" உட்கார்ந்தார். பின் வரிசையில் வெள்ளைச் சட்டை காலை நீட்டிக்கொண்டான். மார்கரெட் என் பக்கம் சாய்ந்து, "குறுக்கு விசாரணையில கேக்க எதுவும் இல்ல, பெரியப்பா. இவரை இறக்கிடறேன். நீங்க ஏறுங்க. கண்ணு விஷயம், மறந்துடாதீங்க" என்றாள். என்னிடம் அந்தக் கேள்வி இருந்தது. ஒரே ஒரு கேள்வி, அவன் என்னை நம்பிக் கொடுத்தது, அதைத் திருப்பி அவன் மேலேயே எறியலாம். எறியாமல் கூண்டில் ஏறி, என் மனைவி குருடி என்று சொல்லலாம், அவளே சொல்லச் சொன்னதுதான், யாருக்கும் நஷ்டமில்லை, இவன் வேலை இருக்கும், இவன் பிள்ளைகள் சாப்பிடும். ஆனால் இப்போது அந்த முகத்தை எல்லோரும் பார்த்துவிட்டார்களே, நேராகப் பார்க்கிற முகத்தை, அதைப் பார்த்த நீதிபதி என் புரையை நம்புவாரா, நம்பாவிட்டால் அவள் கட்டிலோடு போயிற்று. இதை நான் அவள் நடப்பதற்காகக் கேட்கிறேனா, அல்லது அவளைக் குருடி என்று சொல்ல என் நாக்கு வராததால் கேட்கிறேனா, இரண்டும் ஒன்றாகக் கிடக்கிறது, பிரிக்க வரவில்லை, இதைப் பிரித்துப் பார்க்க ஓர் ஆண்டு கொடுத்தாலும் வராது, மார்கரெட் எழுந்துகொண்டிருக்கிறாள். அவள் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தேன். ஏன் அழுத்தி மிதிக்கவில்லை என்று கேள் என்றேன். "என்ன?" கேள் அம்மா.

கேட்டாள். காசிமாயன் அவளைப் பார்க்கவில்லை, நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். இவ்வளவுதானா நீ என்கிற பார்வை என்று முதலில் நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அது அப்படி இல்லை, வழியில் கூட வந்தவனைத் திடீரென்று காணாமல் எங்கே என்று தேடுகிற பார்வை. "சொல்லுங்க" என்றார் நீதிபதி. "இது சம்பந்தமில்லாத கேள்வி" என்று தாமோதரன் எழுந்தார். "இருங்க, நீங்கதானே பிரேக்கைப் பத்திப் பேசினீங்க." வெள்ளைச் சட்டை காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான். காசிமாயன் தொண்டையைச் செருமினான், பாடப்போகிறவன்போல. "அழுத்தி மிதிச்சா விழுந்துரும் சார்." எதில் விழும்? "பெட்டியில சார். குத்தமா விழும். வண்டியப் புடுங்கிருவாங்க. அதான் மெதுவா மிதிச்சேன். அழுத்தியிருந்தா நின்டிருக்கும் சார். வண்டி நல்ல வண்டி." நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். மறுபடி சொல்லச் சொன்னார். அவன் மறுபடி சொன்னான், அதே சொற்கள், இரண்டாம் முறை குரல் நடுங்கவில்லை. பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது, வெள்ளைச் சட்டை போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். நீதிபதி ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்லத் தட்டச்சுக்காரம்மாள் தட்டினாள், அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ கோர்ட்டில் கேட்டிருக்கிறேன், வெற்றிச் சத்தம் என்று நினைத்துக் கேட்டிருக்கிறேன். பெட்டியில் குற்றமாக விழுகிறவற்றின் பட்டியலைக் கம்பெனி கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு போட்டார். என்னைக் கூண்டுக்குக் கூப்பிடவே இல்லை.

வராந்தாவில் மார்கரெட்டுக்கு மூச்சு வாங்கியது, "பெரியப்பா, நின்னுடுச்சு, கேஸ் நம்ம பக்கம் நின்னுடுச்சு, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள், நான் பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிட அடுத்த கோர்ட்டுக்கு ஓடினாள். குருவம்மாளுக்குப் போன் செய்ய வேண்டும். நடப்பாய் என்று சொல்ல வேண்டும். உன்னைக் குருடி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று சொன்னால், அதை யாரு கேட்டா என்பாள். காசிமாயன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தான், விரலில் மை ஒட்டியிருந்தது, பேண்டில் துடைத்தான், என் முன்னால் வந்து நின்றான். திட்டுவான் என்று பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும். "இப்ப நான் எங்கய்யா போறது?" என்று மட்டும் கேட்டான், வழி கேட்பதுபோல. சங்கம் என்று ஆரம்பிக்கிற வாக்கியம் பல்வரை வந்தது, அதை அங்கேயே வைத்திருந்தேன். அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான், மேனேஜர் சார் என்று இருந்தது. அவன் அமுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை, கையில் வைத்துக்கொண்டே நின்றான், வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கொடுங்க என்றேன். வாங்கிக் காதில் வைத்தேன். "டேய், என்னடா உளறி வச்சிருக்க உள்ள?" காசிமாயன் பக்கத்தில் இருக்கிறார், என்னிடம் பேசுங்கள் என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து, "நீ யாருய்யா?" எத்தனை ஆலை வாசல்களில், எத்தனை முதலாளி அறைகளில் இதே கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லியிருக்கிறேன், முதலில் சங்கத்தின் பெயர், பிறகு பொறுப்பு, கடைசியில் சீரங்கன் என்ற என் பெயர், அந்த வரிசை மாறாது. வாயைத் திறந்தேன். நீங்கள் இடித்த அம்மாவின் புருஷன் என்றேன்.